போன் உங்களுடையது, காசும் உங்களுடையது



இன்றைய பேச்சு செல்போனைப் பற்றியது.

"செல்போனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பச்சைப் பொத்தானை அழுத்தினால் பேசலாம். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பேச்சு நின்றுவிடும்" என்று சிலர் நினைக்கலாம். பேசுவது எளிதுதான். ஆனால் அதற்கு எவ்வளவு காசு போகிறது? ஏன் போகிறது? அந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள்? தவறாகக் காசு போனால் யாரிடம் கேட்பது? இவை தெரியாவிட்டால், கையில் போன் இருந்தும் பயன் பாதிதான்.

வைப்பின் தீவு உங்களுக்குத் தெரியும். கொச்சிக் கோட்டைக்கு எதிரே தொடங்கி வடக்கே முனம்பம் வரை நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் காயல். 2004ஆம் ஆண்டு கோஸ்ரீ பாலங்கள் திறந்தன. அதற்கு முன் தீவின் தென்பகுதி மக்கள் எறணாகுளம் போகப் படகுத்துறையில் வரிசையில் நின்றார்கள்.

தீவின் முக்கியத் தொழில் மீன்பிடிப்பு. காளமுக்கிலும் முனம்பத்திலும் மீன்பிடித் துறைமுகங்கள் இருக்கின்றன. முனம்பத்துப் படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர்களும் வேலை செய்கிறார்கள். மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இவர்கள் எல்லோர் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது.

இன்னொரு பெருமையும் இந்த மண்ணுக்கு உண்டு. வைப்பின் இருப்பது எறணாகுளம் மாவட்டத்தில். 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இந்த மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதலில் அந்தப் பெயர் பெற்ற மாவட்டம் இதுதான். அன்று எழுத்துக் கற்றவர்கள் பஸ்ஸின் பலகையைப் படித்தார்கள். ரேஷன் கடையில் எடையையும் விலையையும் படித்துக் கேள்வி கேட்டார்கள். இன்று படிக்க வேண்டிய பலகை ஒன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. அதுதான் செல்போன் திரை.

மத்தி மீன் சொன்ன பாடம்

செல்போன் கேரளத்திற்கு எப்போது வந்தது தெரியுமா? 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள். இடம் கொச்சி. புகழ்பெற்ற மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை, தெற்குக் கடற்படைத் தளபதி ஏ.ஆர். டாண்டனுடன் பேசினார். அதுவே கேரளத்தின் முதல் செல்போன் பேச்சு. கடலோர மக்களின் வாழ்வை நாவலாக எழுதியவர் தகழி. சில மாதங்களில் அந்தக் கடலோர மக்களே செல்போனைக் கையில் எடுத்தார்கள்.

செல்போன் வருவதற்கு முன் மீனவர் நிலை எப்படி இருந்தது? வள்ளம் நிறைய மத்தி கிடைக்கும். கரைக்கு வந்தால் அதே கரையில் பத்து வள்ளங்கள் மத்தியோடு நிற்கும். வாங்க ஆள் இருக்காது. விலை விழுந்துவிடும். அடுத்த கரையிலோ மீன் இல்லாமல் வியாபாரிகள் காத்திருப்பார்கள். அங்கே மீன் இல்லை என்பது இங்கே தெரியாது. இங்கே மீன் குவிந்திருப்பது அங்கே தெரியாது. மத்தி நாள் கணக்கில் தாங்குகிற மீன் அல்ல. விற்காவிட்டால் கடலில் கொட்ட வேண்டியதுதான்.

ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு கரைகளில் இதை ஆராய்ந்தார். 1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் நடந்த ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். வடகரையில் 11 மீனவர்கள் மீனை விற்க வழியின்றி நின்றார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டர் தூரத்திற்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்திருந்தால் இரு பக்கமும் பிழைத்திருக்கும்.

பிறகு கரையோரம் டவர்கள் எழுந்தன. கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை கடலிலும் போன் கிடைத்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே "அங்கே என்ன விலை?" என்று கேட்டார்கள். விலை நல்ல கரைக்கு வள்ளத்தைத் திருப்பினார்கள்.

பலன் என்ன? மீனவரின் லாபம் சராசரியாக நூற்றுக்கு 8 பங்கு கூடியது. மீன் வாங்குவோர் தந்த விலை நூற்றுக்கு 4 பங்கு குறைந்தது. அதாவது, 100 ரூபாய் லாபம் பார்த்தவர் 108 ரூபாய் பார்த்தார். 100 ரூபாய்க்கு மத்தி வாங்கிய வீட்டுக்கு அது 96 ரூபாய்க்குக் கிடைத்தது. மீனைக் கொட்டுவதும் நின்றது. இந்த ஆய்வு 2007ஆம் ஆண்டு வெளியானது. உலகம் முழுவதும் பேசப்பட்டது.

ஆகவே புதுக் கருவி நன்மை தரும். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நன்மை யார் பைக்குப் போகும்? மீனவர் பைக்கா, வாங்கும் தாய்மார் பைக்கா, போன் கம்பெனியின் பைக்கா? இதைக் கருவி முடிவு செய்வதில்லை. விதிகள் முடிவு செய்கின்றன.

எடுத்தாலும் காசு, பேசினாலும் காசு

செல்போன் வந்த புதிதில் விலை என்ன? கூட்டமான நேரத்தில் போன் செய்தால் நிமிடத்திற்கு 16 ரூபாய்க்கு மேல். யாராவது உங்களைக் கூப்பிட்டு நீங்கள் எடுத்தால், அதற்கும் நிமிடத்திற்கு 8 ரூபாய்க்கு மேல். கூப்பிட்டவருக்கும் செலவு. கேட்டவருக்கும் செலவு. கூலித் தொழிலாளி செல்போனைத் தொட முடியுமா? பணக்காரர்கள்கூட மணி அடித்தால் எடுக்க யோசித்தார்கள்.

ஏன் இவ்வளவு விலை? படகுத்துறைக் குத்தகையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெரிய தொகை சொல்லிப் படகுத்துறையைக் குத்தகை எடுக்கிறார். அந்தத் தொகையை யாரிடம் வசூலிப்பார்? படகில் ஏறும் ஜனங்களிடம்தான். செல்போனிலும் அதுதான் நடந்தது. ஒரு வட்டாரத்திற்கு இரண்டு கம்பெனிகள் மட்டும் என்று அரசு ஏலம் விட்டது. கம்பெனிகள் பெரிய பெரிய தொகை சொல்லி உரிமம் எடுத்தன. போட்டி குறைவு, குத்தகைத் தொகை அதிகம். சுமை பேசுகிறவர் தலையில் விழுந்தது.

1999ஆம் ஆண்டு அரசு புதிய தொலைத்தொடர்புக் கொள்கை கொண்டுவந்தது. முன்கூட்டிச் சொன்ன பெருந்தொகைக்குப் பதிலாக, வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்குத் தந்தால் போதும் என்று மாற்றியது. இன்னும் கம்பெனிகள் வந்தன. 2002ஆம் ஆண்டு அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். செல்போன் சேவை தொடங்கியது. 2003ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் மிக முக்கியமான மாற்றம் வந்தது. கூப்பிடுகிறவர் மட்டும் காசு தந்தால் போதும், எடுக்கிறவர் தர வேண்டாம் என்றானது.

போன் அதேதான். டவரும் அதேதான். விதி மாறியது. விதி மாறியதும் மீன்காரம்மா கையிலும் ஆட்டோ ஓட்டுநர் கையிலும் செல்போன் வந்தது. மிஸ்டு கால் கொடுத்தே ஊர் நலம் விசாரித்தவர்கள் எத்தனை பேர்!

தராசைச் சோதிப்பவர் யார்?

இந்த விதிகளைச் செய்வது யார்? அதன் பெயர் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'டிராய்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அலுவலகம் டெல்லியில் இருக்கிறது.

இப்படி ஓர் ஆணையம் எதற்கு? முன்பு போன் கொடுத்ததும் அரசுத் துறைதான். விலை வைத்ததும் அதே துறைதான். புகாரை விசாரித்ததும் அதே துறைதான். மீன் கடைக்காரரே தராசைச் சோதிக்கும் அதிகாரியாகவும் இருந்தால் என்ன ஆகும்? எடை குறைந்தால் யாரிடம் சொல்வது? தனியார் கம்பெனிகளும் வந்த பிறகு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே தனியாக ஒருவர் தேவைப்பட்டார். அதற்குத்தான் டிராய்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். செல்போன் ரீசார்ஜ் விலையைப் பெரும்பாலும் டிராய் நிர்ணயிப்பதில்லை. கம்பெனிகளே வைக்கின்றன. வைத்த விலையை டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். மறைக்கக் கூடாது. ஏமாற்றக் கூடாது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒரே வாரத்தில் விலை ஏற்றின. டிராய் தடுக்கவில்லை. அப்படியானால் வாடிக்கையாளருக்கு என்ன பாதுகாப்பு? கம்பெனியை விட்டு விலகும் உரிமை ஒரு பாதுகாப்பு. தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை இன்னொரு பாதுகாப்பு. கேள்வி கேட்கும் உரிமை மூன்றாவது பாதுகாப்பு. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எண் மாறாமல் கம்பெனி மாற

ஒரு மீன் வியாபாரியின் எண் நூறு பேரிடம் இருக்கும். எண் மாறினால் வியாபாரம் கெடும். அதனால் சேவை மோசமாக இருந்தாலும் பலர் அதே கம்பெனியில் கிடந்தார்கள். 2011ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் ஒரு வசதி வந்தது. எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். முதலில் ஒரே வட்டாரத்திற்குள் மட்டும் இது நடந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலை 3 முதல் வேறு மாநிலத்திற்குப் போனாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது.

எப்படி மாறுவது? ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைத் தட்டி 1900 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். ஒரு குறியீடு பதிலாக வரும். அதை எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையோடு புதுக் கம்பெனியின் கடைக்குப் போக வேண்டும். பழைய கம்பெனியில் பாக்கி இருக்கக் கூடாது. அங்கே 90 நாட்களாவது இருந்திருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது.

ஊர் மாறிய சிம்

கன்னியாகுமரியில் வாங்கிய சிம்மோடு முனம்பம் வந்த தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். சிம் தமிழ்நாட்டு வட்டாரம். வேலை கேரள வட்டாரம். வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டால், எடுத்தவருக்கும் காசு போனது. இதற்கு ரோமிங் கட்டணம் என்று பெயர். 2003இல் எடுப்பதற்குக் காசு இல்லை என்று ஆனாலும், எல்லை தாண்டியவருக்கு அந்த நன்மை முழுதாகக் கிடைக்கவில்லை.

வருகிற அழைப்பை எடுக்க நிமிடத்திற்கு 1 ரூபாய் 75 காசு வரை வாங்க அனுமதி இருந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் டிராய் அதை 75 காசாகக் குறைத்தது. 2015ஆம் ஆண்டு மே முதல் 45 காசாகக் குறைத்தது. பிறகு போட்டி கடுமையாகி, அந்தக் கட்டணமே பெரும்பாலும் மறைந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்குத்தான் இது பெரிய உதவி. வீட்டுச் செய்தி கேட்பதற்கு அபராதம் கட்டுவது போன்ற நிலை நீங்கியது.

மாதத்திற்கு எத்தனை நாள்?

இப்போது ஒரு கணக்கு. நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள்.

ஆண்டுக்கு 12 மாதம். மாதம் ஒரு ரீசார்ஜ் என்றால் 12 ரீசார்ஜ். ஆனால் பல திட்டங்கள் 28 நாளுக்குத்தான். 28ஐ 13ஆல் பெருக்குங்கள். 364 வரும். அதாவது ஓர் ஆண்டை ஓட்ட 12 ரீசார்ஜ் போதாது. 13 வேண்டும்.

ஒரு ரீசார்ஜ் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முறை என்றால் 2,400 ரூபாய். பதின்மூன்று முறை என்றால் 2,600 ரூபாய். 200 ரூபாய் கூடுதல். வீட்டில் மூன்று போன் இருந்தால் 600 ரூபாய். ஒருவரும் பையில் கைவிடவில்லை. ஆனாலும் பணம் போய்விட்டது.

மக்கள் முறையிட்டார்கள். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் தானாக அதைச் சொல்வார் என்று சொல்ல முடியாது. 'எத்தனை நாள்?' என்று நீங்கள் கேட்க வேண்டும். விலையை மட்டும் பார்க்காதீர்கள். விலையையும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். விலையை நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு குறையும் இருந்தது. பல முதியவர்கள் பொத்தான் போன் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச மட்டும் போதும். இன்டர்நெட் வேண்டாம். ஆனால் ரீசார்ஜ் செய்தால் இன்டர்நெட்டையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. சாப்பாட்டுக் கடையில் சோறு கேட்டவரிடம், பிரியாணிக்கும் சேர்த்துக் காசு வாங்குவது போலத்தான் இது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் டிராய் இதற்கும் விதி செய்தது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும். 365 நாள் வரைகூட அதன் காலம் இருக்கலாம். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் கம்பெனிகள் அத்தகைய திட்டங்களை வெளியிட்டன. இதையும் கேட்டு வாங்க வேண்டும். விலையைப் பழைய திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

கேட்காத பாட்டுக்குக் காசு

சில நாள் போனில் ஒரு செய்தி வரும். 'இந்தப் பாட்டை ஹலோ டியூனாக வைக்க 1ஐ அழுத்தவும்' என்று இருக்கும். குழந்தை கையில் போன் இருக்கும். 1ஐ அழுத்திவிடும். அல்லது படிக்கத் தெரியாதவர், திரையை மறைக்கிறதே என்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்துவார். அன்று முதல் காசு கழியும். பாட்டு, ராசிபலன், கிரிக்கெட் செய்தி, நகைச்சுவை என்று பல பெயர்களில் போகும். ரீசார்ஜ் செய்த பணம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏன் என்று தெரியாது.

இதில் அதிகம் ஏமாந்தவர்கள் யார்? எழுத்துத் தெரியாதவர்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாததுதான் அவர்கள் செய்த ஒரே குற்றம்.

2011ஆம் ஆண்டு டிராய் இதற்குக் கடிவாளம் போட்டது. ஒரு முறை அழுத்தியதால் மட்டும் காசு எடுக்கக் கூடாது. 'உங்களுக்கு இது வேண்டுமா? இவ்வளவு ரூபாய் ஆகும்' என்று இரண்டாம் முறையும் கேட்டு, வாடிக்கையாளர் சம்மதித்த பிறகுதான் எடுக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு இந்த விதி மேலும் இறுக்கப்பட்டது. இத்தகைய சேவையை நிறுத்த 155223 என்ற எண் ஒதுக்கப்பட்டது. எல்லாக் கம்பெனிக்கும் இதே எண்தான்.

ஆனால் விதி இருந்தால் மட்டும் போதுமா? இரண்டாம் முறை வருகிற கேள்வியையும் படிக்காமல் அழுத்தினால் விதி என்ன செய்யும்? ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். படிக்காமல் அழுத்தாதீர்கள். புரியாவிட்டால் படித்தவரிடம் காட்டுங்கள். ரீசார்ஜ் செய்த தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

விளம்பர அழைப்புகள் தொல்லை தந்தால் 1909 என்ற எண்ணைக் கூப்பிட்டு, அவை வேண்டாம் என்று பதிவு செய்யலாம். அதன் பிறகும் வந்தால் அதே எண்ணில் புகார் செய்யலாம். அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும்.

புகார் போகும் வழி

தவறாகக் காசு போய்விட்டது. என்ன செய்வது? பலர் கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். பிறகு விட்டுவிடுவார்கள். சரியான வழி வேறு.

முதல் படி: உங்கள் கம்பெனியின் புகார் மையத்தைக் கூப்பிடுங்கள். 198 என்பது பொதுவான புகார் எண். காசு கிடையாது. பேசியபின் ஒரு புகார் எண் தருவார்கள். அதைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகார் எண் இல்லாத புகார், பெயர் எழுதாத கடிதம் போன்றது. பின்னால் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

இரண்டாம் படி: அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இதற்கும் கட்டணம் இல்லை. 2012ஆம் ஆண்டின் டிராய் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் இத்தகைய அதிகாரியை வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: நுகர்வோர் ஆணையம். மாவட்டந்தோறும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசனை கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டிராய்க்கே எழுதலாமா என்று கேட்பீர்கள். டிராய் எல்லோருக்கும் பொதுவான விதியைச் செய்யும். தனி ஒருவருடைய புகாரை அது விசாரித்துத் தீர்ப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

இந்த மூன்றாம் படியின் கதவு நெடுநாள் மூடிக் கிடந்தது. அந்தக் கதையும் கேரளத்தில்தான் தொடங்கியது. கோழிக்கோட்டில் ஒருவருக்குப் போன் பில் தகராறு. இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அவர் நுகர்வோர் மன்றத்திற்குப் போனார். 2001ஆம் ஆண்டு நவம்பரில் மன்றம் தீர்ப்புச் சொன்னது. இணைப்பைத் திரும்பத் தர வேண்டும், 5,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்றது. தொலைபேசித் துறை மேலே மேலே போனது. 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம் சொன்னது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் இதற்குத் தனி வழி இருக்கிறது, நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்றது. வெள்ளைக்காரர் காலத்துத் தந்திச் சட்டம், செல்போன் வைத்திருந்தவரின் வழியை மறித்தது. எத்தனையோ பேர் நுகர்வோர் மன்றத்தின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

பிறகு குஜராத் மாநிலத்து அகமதாபாத்தில் ஒருவர் விடவில்லை. அவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வரும். ஒரு மாதம் 24,609 ரூபாய் பில் வந்தது. அவர் நுகர்வோர் மன்றத்திற்குப் போனார். மன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போன் வாடிக்கையாளரும் நுகர்வோர்தான். நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்றது. கதவு திறந்தது. ஒருவர் கேட்ட கேள்வியால் நாடு முழுவதும் உள்ளவர்களுக்கு வழி கிடைத்தது.

புதுக் கருவி, புதுத் திருட்டு

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புதுக் கருவியோடு புதுத் திருட்டும் வந்திருக்கிறது.

'டிராயிலிருந்து பேசுகிறோம். உங்கள் எண்ணை இரண்டு மணி நேரத்தில் துண்டிப்போம். 9ஐ அழுத்துங்கள்' என்று அழைப்பு வரலாம். நம்பாதீர்கள். டிராய் அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை. 'போலீஸ் பேசுகிறோம். போனிலேயே உங்களைக் கைது செய்திருக்கிறோம். வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள்' என்று மிரட்டுவார்கள். போனில் கைது செய்யும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. பேச்சைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு.

உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா? அதையும் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு 'சஞ்சார் சாத்தி' என்ற இணையதளம் தொடங்கியது. அதில் உங்கள் பெயரில் உள்ள எண்களைப் பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே சொல்லலாம். போன் தொலைந்தால், போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலோடு அதே தளத்தில் போனை முடக்கச் சொல்லலாம். இன்டர்நெட் தெரியாதவர்கள் படிக்கும் பிள்ளைகளின் உதவியோடு செய்யலாம். அடையாள அட்டையின் நகலைக் கடையில் கொடுக்கும்போது, அதன் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே,

மத்தி மீனவருக்கு ஒரு தகவல் கிடைத்தது. வள்ளத்தைத் திருப்பினார். லாபம் கண்டார். வாடிக்கையாளருக்கும் அதுதான் வழி. எந்தத் திட்டம், எத்தனை நாள், எந்த எண்ணில் புகார் என்ற தகவல் கையில் இருந்தால் காசு கரை சேரும். விதிகளைச் செய்ய டெல்லியில் ஆணையம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் திரையில் வருவதைப் படித்துப் பார்த்து, 'ஏன்?' என்று கேட்க வேண்டியவர் போனைக் கையில் வைத்திருப்பவர்தான்.

வீட்டுக்குப் போனதும் மூன்று வேலைகள் செய்யுங்கள். கடைசியாக ரீசார்ஜ் செய்தது எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்து எழுதுங்கள். 198, 1909, 1915, 1930 ஆகிய நான்கு எண்களையும் எதற்கு எது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவரவர் கணக்கைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பேசுங்கள்.